டிராம்பே ஓரத்தில் தேங்கி நிற்கும் ஒரு நீரேற்று நிலையம்

புது தில்லி: 2025-ம் ஆண்டு ஆகஸ்ட் 19-ம் தேதி மாலை, மும்பை செம்பூரை அடுத்த மைசூர் காலனி நிலையத்துக்கு அருகே மோனோ ரயில் ஒன்று நடுவழியில் நின்றுபோனது. மின்சாரம் இல்லை, குளிர்சாதனம் இல்லை, கதவுகள் திறக்கவில்லை. உள்ளே 500-க்கும் மேற்பட்ட பயணிகள். தீயணைப்புப் படையினர் ஏணி வண்டிகளைக் கொண்டுவந்து அவர்களை மீட்டு முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. 104 டன் எடையைத் தாங்க வேண்டிய வண்டியில் 109 டன் ஏறிவிட்டதால், மின் தொடர்பு அறுந்துபோனதாக மும்பை பெருநகர வளர்ச்சி ஆணையம் விளக்கம் அளித்தது.

விளக்கம் சரியானதே. ஆனால், அன்று மோனோ ரயிலில் ஏன் அவ்வளவு கூட்டம்? தண்டவாளங்களில் வெள்ளம் நின்றதால் துறைமுகப் பாதையில் மின்சார ரயில்கள் நிறுத்தப்பட்டிருந்தன. வீடு திரும்ப வழியில்லாதவர்கள் மோனோ ரயிலில் முண்டியடித்து ஏறினார்கள். வெள்ளம் ஏன் வடியவில்லை என்ற அடுத்த கேள்விக்கான விடையின் ஒரு பகுதி, அந்த ரயில் நின்ற இடத்துக்குத் தெற்கே, டிராம்பேயையும் வடாலாவையும் பிரிக்கும் மாகுல் கழியின் கரையில் இருக்கிறது. அங்கே மழைநீரைக் கடலுக்குள் தள்ளும் பெரிய நீரேற்று நிலையம் ஒன்று இருந்திருக்க வேண்டும். 2005-ம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு மும்பைக்கு எனத் தீர்மானிக்கப்பட்ட எட்டு நிலையங்களில் அதுவும் ஒன்று. ஆறு நிலையங்கள் கட்டி முடிக்கப்பட்டு ஆண்டுகள் பல ஆகின்றன. மாகுலில் 2025-ம் ஆண்டு மழைக்காலத்திலும் பம்ப் ஓடவில்லை.

இது பொறியாளர்களின் தோல்வி அல்ல. நிலத்தின் கதை. அந்த நிலத்தின் கோப்பு மும்பையில் தொடங்கி, ஜெய்ப்பூர் வழியாக, தலைநகர் தில்லி வரை நீள்கிறது.

கடல் மூடும் கதவு

மும்பையின் மழைநீர் வடிகால்கள் கடலிலும் கழிகளிலும் சேரும் முகத்துவாரங்கள் 186. இவற்றில் 45, சராசரிக் கடல் மட்டத்துக்கும் கீழே உள்ளவை. 135 முகத்துவாரங்கள் சராசரி மட்டத்துக்கு மேலே இருந்தாலும், ஓதம் ஏறும்போது நீரில் மூழ்கிவிடுபவை. ஓதம் உச்சத்தில் இருக்கும்போதும் தடையின்றி நீரை வெளியேற்றக்கூடியவை வெறும் ஆறு மட்டுமே. அதாவது, நாள்தோறும் இருமுறை கடலே இந்நகரின் வடிகால்களை மூடிவிடுகிறது. அந்த நேரத்தில் கனமழையும் கொட்டினால் நீர் போக வழியில்லை. போக வழியில்லாதது மட்டுமல்ல, பல இடங்களில் கடல்நீரே வடிகால் வழியாகத் தெருவுக்குள் வருகிறது. ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்பு, கடல் மட்டம் நான்கரை மீட்டருக்கு மேல் உயரும் நாட்களின் பட்டியலை மும்பை மாநகராட்சி வெளியிடுவது இதனால்தான். மற்ற ஊர்களில் பஞ்சாங்கத்தில் கௌரி நல்ல நேரம் பார்ப்பார்கள். மும்பைவாசிகள் ஓதம் ஏறும் நேரத்தைப் பார்த்து அலுவலகத்துக்குப் புறப்படுகிறார்கள்.

2005 ஜூலை 26-ம் தேதி நிகழ்ந்தது இதுதான். சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை பதிவானது. பிற்பகலில் ஒரே ஒரு மணி நேரத்தில் மட்டும் 190 மி.மீ. அதே வேளையில் கடல் 4.48 மீட்டர் உயரத்துக்கு ஏறி நின்றது. அதே நாளில் தென்முனையில் உள்ள கொலாபாவில் பெய்த மழை 73 மி.மீ. மட்டுமே. மும்பையில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அந்த வெள்ளத்துக்கு 12 ஆண்டுகள் முன்னதாகவே, 1993-ல், வடிகால்களைச் சீரமைப்பதற்கான முழுமையான திட்ட அறிக்கை ஒன்று மாநகராட்சியிடம் இருந்தது. அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே கிடந்தது. வெள்ளம் வந்த பிறகு, மாதவ் சித்தாலே தலைமையிலான உண்மை அறியும் குழு 2006-ல் அறிக்கை அளித்தது. பழைய திட்டம் திருத்தப்பட்டது. 2007-ல் மத்திய அரசு 1,200 கோடி ரூபாய் ஒதுக்கியது. வடிகால்களை அகலப்படுத்துவதோடு, முகத்துவாரங்களில் மதகுகளுடன் கூடிய நீரேற்று நிலையங்கள் அமைப்பதும் அத்திட்டத்தின் முக்கியப் பகுதி.

ஓதம் இறங்கியிருக்கும்போது மதகு திறந்திருக்கும். நீர் தானாகவே கடலுக்குப் போகும். ஓதம் ஏறத் தொடங்கியதும் மதகு இறங்கிக் கடலைத் தடுக்கும். உள்ளே சேரும் மழைநீரைப் பம்புகள் தூக்கி மதகுக்கு அப்பால் கொட்டும். தஞ்சைப் பகுதியில் கடைமடை விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு வாய்க்காலுக்குத் தேவையானதுதான் ஒரு மாநகருக்கும். அளவுதான் மலைக்க வைக்கிறது.

ஒரு சதுர கிலோ மீட்டரின் கணக்கு

பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழையைக் கணக்கில் கொண்டவை. அந்த மழையிலும் பாதி மண்ணுக்குள் இறங்கிவிடும் என்று வைத்துக்கொண்டார்கள். திருத்திய திட்டத்தில் மழையின் அளவு 50 மி.மீ. ஆனது. மண்ணே தெரியாதபடி சிமென்ட் பூசப்பட்ட நகரில் விழும் நீர் முழுவதும் வடிகாலுக்கே வரும் என்றும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மழை இரு மடங்கு, ஓடிவரும் பங்கு இரு மடங்கு. ஆக, வடிகாலும் பம்பும் தாங்க வேண்டிய நீர் நான்கு மடங்கு.

ஒரு சதுர கிலோ மீட்டர் பரப்பில் ஒரு மணி நேரம் 50 மி.மீ. மழை பெய்தால், சேரும் நீர் 5 கோடி லிட்டர். மும்பையின் நீரேற்று நிலையங்களில் நிறுவப்பட்டுள்ள பம்ப் ஒன்று நொடிக்கு 6 ஆயிரம் லிட்டர் நீரை வெளியேற்றும் திறன் கொண்டது. மணிக்கு 2 கோடியே 16 லட்சம் லிட்டர். பழைய கணக்கின்படி ஒரு சதுர கிலோ மீட்டருக்கு ஒரு பம்பே தாராளமாகப் போதும். புதிய கணக்கின்படி இரண்டு போதாது; மூன்றாவது வேண்டும். இத்தகைய எட்டுப் பம்புகள் ஒரு நாள் முழுவதும் ஓடினால், அவை இறைக்கும் நீர் மும்பை மாநகரின் ஒரு நாள் குடிநீர் விநியோகத்தைவிட (ஏறத்தாழ 385 கோடி லிட்டர்) அதிகம். ஏழு ஏரிகளிலிருந்து, நூறு கிலோ மீட்டர் தொலைவுக்குக் குழாய் பதித்துக் கொண்டுவரும் நீருக்கு இணையான அளவை, மழைக்கால நாளொன்றில் கடலுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது.

இந்தப் பம்பை வாங்கிப் பொருத்துவதைவிட, அதற்கு நீர் வந்து சேரும் கிணற்றை வடிவமைப்பதே கடினமான வேலை. நீர் சீராகவும் அமைதியாகவும் பம்பை நெருங்க வேண்டும். கிணற்றின் சுவர் தவறான கோணத்தில் இருந்தால் நீர் சுழலத் தொடங்கும். சுழல் காற்றை உள்ளே இழுக்கும். காற்று கலந்த நீரை உறிஞ்சும் பம்ப் அதிரும், திறன் குறையும், தகடுகள் அரிக்கப்படும். இதனால்தான் பெரிய நிலையங்களுக்குக் கட்டுமானம் தொடங்கும் முன்பே சிறிய அளவு மாதிரி கட்டி, நீர் ஓடவிட்டுச் சோதித்துப் பார்க்கிறார்கள். இந்தியாவில் இத்தகைய சோதனைகளுக்குப் பெயர் பெற்றது, 1916-ல் தொடங்கப்பட்டு புணே அருகே கடக்வாஸ்லாவில் இயங்கும் மத்திய நீர், மின்சக்தி ஆராய்ச்சி நிலையம். கிணற்றுக்கு இடம் வேண்டும். அதற்கு முன்னால் நீர் சற்றுத் தங்க ஒரு குளம் வேண்டும். இயந்திரங்களை இறக்க, பழுது பார்க்க, மின்மாற்றி வைக்க நிலம் வேண்டும். ஒரு நீரேற்று நிலையத்தை வீட்டு மாடியில் வைக்கும் மோட்டார்போல எங்கு வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது. ஓடை கழியில் கலக்கும் அந்த ஒரே இடத்தில்தான் வைக்க முடியும்.

மின்சாரம் மற்றொரு கவலை. நொடிக்கு 6 ஆயிரம் லிட்டரை நான்கு மீட்டர் உயரம் தூக்க ஏறக்குறைய 300 கிலோவாட் தேவைப்படும். பத்துப் பம்புகள் என்றால் 3 மெகாவாட். இது பெரும்பாலும் தேவைப்படுவது, புயல் மழையில் மின்தடை ஏற்படும் அதே மணி நேரத்தில். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் இந்தப் பாடத்தை இருமுறை கற்றது. மும்பை வெள்ளத்துக்கு ஒரு மாதம் கழித்து, 2005 ஆகஸ்ட் 29-ம் தேதி, கத்ரீனா சூறாவளியில் கரைகள் உடைந்து அந்நகரம் மூழ்கியது. அதற்குப் பின் கோடிக்கணக்கான டாலர் செலவிட்ட பிறகும், 2017 ஆகஸ்ட் 5-ம் தேதி கோடை மழைக்குத் தெருக்கள் மூழ்கின. எல்லாப் பம்புகளும் ஓடுகின்றன என்று முதலில் அறிவித்த அதிகாரிகள், பல பம்புகள் பழுதாகிக் கிடந்ததையும், அவற்றுக்கு மின்சாரம் தரும் இயந்திரங்களே செயலிழந்திருந்ததையும் சில நாள்களில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

நமக்கு அமெரிக்க உதாரணம்கூடத் தேவையில்லை. 2021 ஜூலை 18-ம் தேதி அதிகாலைப் பெருமழையில், மும்பையின் பாண்டுப் குடிநீர்ச் சுத்திகரிப்பு வளாகத்துக்குள் வெள்ளம் புகுந்தது. மின் சாதனங்கள் நீரில் மூழ்கியதால் பம்புகள் நிறுத்தப்பட்டன. நகரின் பெரும்பகுதிக்குக் குடிநீர் நின்றது. வீதியெங்கும் தண்ணீர், குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மின் பலகைகளை எந்த உயரத்தில் வைப்பது என்பது வரைபடத்தில் ஒரு கோடுதான். அந்தக் கோடு ஒன்றிரண்டு மீட்டர் தாழ்ந்தால் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் குடத்தில் தெரியும்.

அதே இரவில்தான், டிராம்பே குன்றின் சரிவில், மாகுல் பகுதியில் உள்ள பாரத் நகரில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சுற்றுச்சுவர் இடிந்து குடிசைகள் மீது விழுந்து ஏறத்தாழ 20 பேர் உயிரிழந்தனர் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். மலையில் இருந்து இறங்கும் நீருக்கும், கழியில் இருந்து ஏறும் நீருக்கும் இடையே வாழ்பவர்கள் அவர்கள்.

பம்ப் மட்டும் போதுமா?

ஹாஜி அலி, இர்லா, வொர்லியில் லவ் குரோவ், கிளீவ்லேண்ட் பந்தர், ரே ரோடில் பிரிட்டானியா, சாந்தாகுரூஸ் அருகே கஜதர்பந்த் ஆகிய ஆறு நிலையங்கள் 2011-க்கும் 2019-க்கும் இடையே ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்பாட்டுக்கு வந்தன. அவற்றால் பயன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், பம்ப் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையைப் பரேல் அருகே உள்ள இந்துமாதா சந்திப்பு உடைத்தது. அங்குள்ள நீர் பிரிட்டானியா நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அந்நிலையம் 2016-ல் இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 2017 ஆகஸ்ட் 29-ம் தேதி, 300 மி.மீ.க்கு மேல் கொட்டிய மழையில் இந்துமாதா, பரேல் பகுதிகள் இடுப்பளவு நீரில் நின்றன. நீர் வடியட்டும் என்று திறந்துவிடப்பட்ட ஆள்துளைக்குள் தவறி விழுந்து, வீட்டுக்கு நடந்து சென்ற பிரபல மருத்துவர் ஒருவர் உயிரிழந்தார்.

காரணம் எளிது. கடலோரத்தில் பம்ப் எவ்வளவு வேகமாக இறைத்தாலும், நீர் அங்கு வந்து சேர வேண்டுமே! இடையில் உள்ள பழைய வடிகால்களின் வழியாக அந்த வேகத்தில் நீர் வரவில்லை. சாய்வு குறைவு, வண்டல், குறுக்கே செல்லும் குழாய்கள். இறுதியில் மாநகராட்சி வேறொரு வழியைக் கையாண்டது. 2021-ல் தொடங்கி, அருகில் உள்ள விளையாட்டு மைதானம், பூங்காவின் அடியில் கோடிக்கணக்கான லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டிகளைக் கட்டி, மழைநீரை அங்கே பிடித்துவைத்து, ஓதம் இறங்கிய பின் வெளியேற்றுகிறது. ஜப்பானியர்கள் தோக்கியோ அருகே கசுகாபேயில் 50 மீட்டர் ஆழத்தில் 6 கிலோ மீட்டருக்கு மேல் நீளும் சுரங்கம் அமைத்து, நொடிக்கு 200 கன மீட்டர் நீரை ஆற்றுக்கு இறைக்கிறார்களே, அதே தத்துவம்தான். நம் சக்திக்கு ஏற்ற அளவில்.

குப்பையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பம்பின் வாயில் கம்பித் தடுப்பு இருக்கும். மழையின் முதல் மணி நேரத்தில் ஓடை சுமந்துவரும் நெகிழிப் பைகள், தெர்மோகோல், மரக்கட்டைகள் அதில் வந்து அடைத்துக்கொள்ளும். குடிசைப் பகுதிகளில் பாதாளச் சாக்கடை இல்லாததால், மழைநீருக்கு உரிய ஓடைகளில் கழிவுநீரும் கலந்தே வருகிறது. தாராவி, காட்கோபர் உள்பட ஏழு இடங்களில் நாளொன்றுக்கு 246 கோடி லிட்டர் திறனுள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 2023 ஜனவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அவை முழுமையடைந்தாலும், ஓடையோரக் குடிசையின் கழிவு அந்த நிலையத்தை எட்டுவதற்கு ஒரு குழாய் வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. குப்பை சேர்வது மக்களின் பழக்கத்தால் மட்டும் என்று பேசுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. கோலார் தங்கவயலில் பிறந்து, 1960-களில் தச்சுத் தொழிலாளியாக மும்பை வந்த தமிழர் ஜோக்கின் அற்புதம் இதற்கு அன்றே பதில் சொன்னார். டிராம்பேயில் ஜனதா காலனியில் மாநகராட்சி குப்பை அள்ள மறுத்தபோது, குழந்தைகளைத் திரட்டி, ஆளுக்கொரு குப்பைப் பொட்டலத்தைக் கொடுத்து, மாநகராட்சி அலுவலக வாசலில் போட்டுவிட்டு வரச் செய்தார். அதன் பிறகு வண்டி வந்தது.

உப்புக்கு ஒரு பட்டியல், வடிகாலுக்கு ஒரு பட்டியல்

மாகுல் நிலையம் இயங்கினால் பயன்பெறும் பகுதிகள் தமிழ் வாசகர்களுக்கு அந்நியமானவை அல்ல. மாதுங்கா கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட், சயான், வடாலா, குர்லா நேரு நகர், செம்பூர். மாதுங்காவில் மழை வலுத்தால் காந்தி மார்க்கெட் கடைக்காரர்கள் சரக்கை மேல் தட்டுக்கு ஏற்றுவது ஆண்டுதோறும் நடக்கும் காட்சி. அங்கு அண்மைக் காலத்தில் வைக்கப்பட்ட சிறிய நீரேற்று நிலையம் ஓரளவு கைகொடுக்கிறது. ஆனால், அது இறைக்கும் நீர் போய்ச் சேர வேண்டிய கழியின் முகம் திறந்தே கிடக்கிறது. ஓதம் ஏறினால் கழியிலிருந்து கடல் உள்ளே வரும்.

எட்டில் எஞ்சிய இரண்டில், அந்தேரி பக்கம் உள்ள மோக்ரா, நில உரிமை வழக்கில் பல ஆண்டுகள் சிக்கிக்கொண்டது. மாகுல் சிக்கியது உப்பளத்தில். மும்பையின் கிழக்குக் கரையோரம் ஐயாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட உப்பள நிலம் மத்திய அரசின் உப்பு ஆணையர் பொறுப்பில் இருக்கிறது. உப்பு ஆணையரின் தலைமை அலுவலகம் ஜெய்ப்பூரில். அதன் மேலே தில்லியில் மத்திய வர்த்தக, தொழில் அமைச்சகம். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டினால் விஷயம் விளங்கும். உப்பு, மத்தியப் பட்டியலில் 58-வது இனம். குடிநீரும் வடிகாலும் மாநிலப் பட்டியலில் 17-வது இனம். ஓடை மாநகராட்சிக்கு, ஓடை முடியும் சேற்று நிலம் மத்திய அரசுக்கு, அந்தச் சேற்றில் வளர்ந்த அலையாத்திக் காட்டைத் தொட வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவை. மும்பை உயர் நீதிமன்றம் 2005-ல் இடைக்கால உத்தரவாலும் 2018 செப்டம்பரில் இறுதித் தீர்ப்பாலும் அலையாத்திகளை அழிக்கத் தடை விதித்திருப்பது சரியான காரணத்துக்காகத்தான். அந்தக் காடுகளும் வெள்ளத்தைத் தாங்குபவையே.

ஒரு கையால் 1,200 கோடி ரூபாயைக் கொடுத்த மத்திய அரசின் மற்றொரு கையில்தான் மாகுலுக்கு வேண்டிய சில ஏக்கர் நிலம் இருந்தது என்பதே இதில் வேதனையான வேடிக்கை. குத்தகை, உரிமை, சந்தை விலை என்று கடிதங்கள் பறந்தன. உப்பள நிலம் கிடைக்காது என்ற நிலையில், அருகில் உள்ள தனியார் நிலத்தைப் பெற்றுக்கொண்டு அதற்குப் பதில் மாநகராட்சி நிலத்தைக் கொடுக்கும் யோசனை 2021-ல் எழுந்தது. அதுவும் அரசியல் சர்ச்சையானது. 2022 மார்ச்சில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. 2025 மழைக்காலம் வரை தேர்தல் நடைபெறவில்லை. அதுவரை கேள்வி கேட்க வார்டு உறுப்பினர்கூட இருக்கவில்லை. இந்த இருபது ஆண்டுகளில் மத்தியிலும் மாநிலத்திலும் ஆட்சிகள் மாறின. ஒரே கூட்டணி இரு இடங்களிலும் ஆண்ட ஆண்டுகளும் உண்டு. எனவே, இதை ஒரு கட்சியின் குற்றமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எவருக்கும் வழியில்லை.

நிலத்துக்கு அடியில் போனால் நிலைமை வேறு. செம்பூர் அமர் மகாலில் இருந்து டிராம்பே குன்றில் உள்ள நீர்த்தேக்கத் தொட்டிக்கு, சுமார் நூறு மீட்டர் ஆழத்தில், ஐந்தரைக் கிலோ மீட்டர் நீளத்துக்குக் குடிநீர்ச் சுரங்கம் தோண்டும் பணி 2022 நவம்பரில் முடிந்தது. கட்டடங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் கீழே இயந்திரம் குடைந்து சென்றது. நூறு மீட்டர் ஆழத்தில் பட்டா கேட்டு யாரும் வருவதில்லை.

தாராவி எங்கே போகும்?

சில ஏக்கர் கிடைக்காமல் இழுபறியான அதே உப்பு இலாகாவின் நிலத்தில், முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பகுதிகளில் 255.9 ஏக்கர், தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காக மகாராஷ்டிர அரசுக்கு வழங்க 2024-ல் முடிவானது. தாராவிக்குள்ளேயே வீடு பெறத் தகுதி இல்லை என்று ஒதுக்கப்படுவோருக்கு வாடகைக் குடியிருப்புகள் அங்கே கட்டப்படும் என்பது திட்டம். அதே ஆண்டு, டிராம்பேயை ஒட்டிய தேவ்னார் குப்பை மேட்டிலும் 124 ஏக்கர் இத்திட்டத்துக்கென ஒதுக்கப்பட்டது. 1927 முதல் மும்பையின் குப்பை கொட்டப்பட்டுவந்த இடம் அது. தாராவியில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் இருந்து வந்து மூன்று, நான்கு தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இங்கு இடம் காட்டப்படும் என்பதே அவர்களிடையே உள்ள அச்சம்.

ஆனால், நீரேற்று நிலையத்தின் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் இதன் முழுப் பொருள் புரியும். உப்பளம் என்பது காலியாகக் கிடக்கும் நிலம் அல்ல. ஓதம் ஏறும்போதும் மழை கொட்டும்போதும் நீர் பரவி நிற்கும் இடம் அது. இந்துமாதாவில் பல கோடி ரூபாய் செலவிட்டு மண்ணுக்கு அடியில் கட்டிய தொட்டி செய்யும் வேலையை, உப்பளம் செலவின்றிச் செய்துவருகிறது. அதை மேடாக்கிக் கட்டடம் எழுப்பினால், அங்கே நின்ற நீர் வேறிடம் தேடும். புதிய கூரைகளில் விழும் மழையும் அதோடு சேரும். ஒரு சதுர கிலோ மீட்டருக்கு மூன்று பம்ப் என்ற கணக்கு அங்கும் பொருந்தும், 255.9 ஏக்கர் என்பது ஒரு சதுர கிலோ மீட்டருக்குச் சற்றே அதிகம். வீடு தேவையில்லை என்று யாரும் வாதிட முடியாது. வீட்டுக்கான வரைபடத்தில் அந்த மூன்று பம்புகளும், அவற்றின் முன்னால் ஒரு குளமும், அவற்றுக்கான மின்சாரமும் எங்கே என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

சென்னைவாசிகளுக்கு இது புதிதல்ல. 2023 டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜம் புயலின்போது, கடல் கொந்தளித்து மழைநீரை ஏற்க மறுக்க, வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் நீரில் நின்றன. சதுப்பு நிலத்தின் மீது எழுந்த அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் படகு ஓட்டினார்கள்.

டிராம்பேக்கு இந்த வகை இடமாற்றத்தில் நீண்ட அனுபவம் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஜோக்கின் அற்புதம் தில்லி வரை வந்து போராடியும் தடுக்க முடியவில்லை. சுமார் 70 ஆயிரம் பேர் கழியோரச் சேற்று நிலத்தில் இறக்கிவிடப்பட்டனர். இன்று தமிழ் முஸ்லிம்களும் இந்துக்களும் பெருமளவில் வாழும் சீத்தா கேம்ப் அதுதான். 2018-ல் மறையும்வரை, குடிசை மக்களுக்கு நிலத்தைக் காட்டுவதற்கு முன் அந்த நிலத்தில் தண்ணீர், கழிப்பிடம் பற்றி அவர்களிடமே பேசுங்கள் என்று அவர் சொல்லிவந்தார்.

மாகுலும் அப்படியே. தான்சா ஏரியில் இருந்து நகருக்கு வரும் குடிநீர்க் குழாயைப் பாதுகாக்க, அதன் இருபுறமும் இருந்த குடியிருப்புகளை அகற்றும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. அகற்றப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நிழலில், மாகுல் அடுக்குமாடிகளில் வீடு ஒதுக்கப்பட்டது. காற்று மாசு மக்களின் உடல்நலத்துக்குக் கேடானது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே கூறியிருந்தது. 2019 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம், விருப்பமில்லாதவர்களை அங்கே அனுப்பக் கூடாது. வேறு வீடு தர முடியாவிட்டால் மாதம் 15 ஆயிரம் ரூபாய் வாடகையும் 45 ஆயிரம் முன்பணமும் கொடுங்கள் என்று உத்தரவிட்டது. நகரின் குடிநீர் உள்ளே வரும் வழியில் இருந்து தூக்கி, நகரின் கழிவுநீர் வெளியேறும் வழியில் குடியமர்த்தப்பட்டவர்கள் அவர்கள்.

ஒரு நிலையத்தைக் கட்டி முடிக்க, அனுமதிகள் கைக்கு வந்த பிறகும் இரண்டு, மூன்று மழைக்காலங்கள் தேவைப்படும். சேற்று நிலத்தில் ஆழமாக அடித்தளம் போட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேலை பெரும்பாலும் நின்றுவிடும். அதுவரை மும்பை நம்பியிருப்பது, ஆண்டுதோறும் மே மாதத்தில் வாடகைக்கு எடுத்துத் தாழ்வான சந்திப்புகளில் நிறுத்தப்படும் 400-க்கும் மேற்பட்ட டீசல் பம்புகளை. கிங்ஸ் சர்க்கிளில் தேங்கும் நீரை அவை இறைத்து, பக்கத்தில் உள்ள வடிகாலில் விடுகின்றன. அந்த வடிகால் மாகுல் கழியில் போய் முடிகிறது.